பாதி சிகிச்சைக்கு மட்டும் காப்பீடா? ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

என் கணவரின் புற்றுநோய்க்குக் கீமோ, உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபி ஊசி, ரேடியேஷன் மூன்றையும் சேர்த்து மருத்துவர்கள் ஒரே திட்டமாக எழுதிக் கொடுத்தார்கள். கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் எங்கள் காப்பீட்டு நிறுவனம் சரி என்றது. ஊசியை மட்டும் "நிரூபிக்கப்படாத சிகிச்சை" என்று தள்ளிவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளை இணைத்து மறுபடி எழுதியதும் பேச்சு மாறியது. "இது நவீன சிகிச்சைப் பிரிவில் வருகிறது, அதற்கு வருடத்துக்கு 1 லட்சம்தான் உச்சவரம்பு" என்று அடுத்த கடிதம் வந்தது. எங்கள் பாலிசி 10 லட்சத்துக்கு. நிரூபிக்கப்படாத சிகிச்சை என்றால் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை. நிரூபிக்கப்பட்டது என்றால் பத்தில் ஒரு பங்கோடு ஏன் நிற்க வேண்டும்? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை.

நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே மாதிரி வரம்பை வேறு நிறுவனங்களும் வைத்திருக்கின்றன. அந்தப் பாலிசிகள் எல்லாமே உங்கள் மேற்பார்வையில்தான் விற்கப்படுகின்றன. அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நான் திருப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். நிபந்தனைகளை வரி வரியாகப் படிப்பது எனக்குப் பழகிய வேலை. என் கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பீடி, சிகரெட், புகையிலை, மது எதையும் தொட்டதில்லை. இடது காது அடைத்த மாதிரியே இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார். காதில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அப்புறம் காலையில் காறித் துப்பும் சளியில் மெல்லிய ரத்தக் கோடு. அதன் பிறகு கழுத்தில் நெறி கட்டியது. நம் ஊரில் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் சந்தேகப்படுவது காசநோயைத்தான், அதற்கான பரிசோதனைகளும் நடந்தன. கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்து, மூக்குக்குப் பின்னால் தொண்டை தொடங்கும் இடத்தில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார். பயாப்சியில் நேசோஃபாரின்ஜியல் கார்சினோமா, அதாவது மூக்குத்தொண்டைப் புற்றுநோய் என்று வந்தது. பெட் ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் ஒரு புள்ளி தெரிந்தது. அதாவது, கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்தது.

இந்த நோயைப் பற்றி உங்கள் கோப்புகளில் அதிகம் இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உலகம் முழுக்க 2020-ல் ஏறக்குறைய 1,33,000 பேருக்கு இது வந்தது. அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் சீனாவில். இந்தியாவில் நாகாலாந்து, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் அதிகம், மற்ற இடங்களில் அரிது. வாய்ப் புற்றுநோய் போலப் புகையிலையால் வருகிற நோய் என்று இதைச் சொல்லிவிட முடியாது. இதில் பெரும்பாலான கட்டிகளுக்குள் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் இருக்கிறது. 1964-ல் கண்டறியப்பட்ட அந்த வைரஸ் நம்மில் மிகப் பெரும்பாலானவர்கள் உடம்பில் சத்தமில்லாமல் இருப்பதுதான். சிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது.

கட்டி இருக்கும் இடம் மண்டையோட்டின் அடிப்பகுதி. கண் நரம்பும் மூளைத்தண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. கத்தி வைப்பது கடினம். அதனால்தான் பல பத்தாண்டுகளாக இந்த நோய்க்கு முதன்மைச் சிகிச்சை ரேடியேஷன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். நோய் பரவாத நிலையில் ரேடியேஷனும் கீமோவும் சேர்ந்தே நிறையப் பேரைக் காப்பாற்றிவிடும். பரவிய பிறகு கீமோவை மட்டும் நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதைத்தான் எங்கள் நிறுவனம் ஏற்க மறுக்கிறது.

எங்களுக்கு எழுதிக் கொடுத்த ஊசியின் பெயர் டோரிபாலிமாப். நம் உடலில் கெட்ட செல்களைத் தேடி அழிக்கும் டி-செல்களின் மேல் பிடி-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. கட்டி அதன் வழியாக டி-செல்லைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. இந்த மருந்து பிடி-1 மேல் ஒட்டிக்கொண்டு அதைத் தடுக்கிறது. பிடி-1 ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவுக்கும், இதே போன்ற இன்னொரு புரதத்தில் வேலை செய்த அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தப் புற்றுநோயின் கட்டிக்குள் டி-செல்கள் ஏற்கெனவே கூட்டமாக நுழைந்திருக்கும். செயலிழந்து உள்ளேயே நிற்கும். அதனால்தான் இந்த மருந்து இங்கே பயன்படும் என்று மருத்துவர்கள் எதிர்பார்த்தார்கள்.

ஜூபிட்டர்-02 என்ற ஆய்வில், திரும்பி வந்த அல்லது பரவிய மூக்குத்தொண்டைப் புற்றுநோய் உள்ள 289 பேர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் கீமோ மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அதோடு டோரிபாலிமாப். நோய் மறுபடி வளராமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 8.2 மாதம், ஊசியும் பெற்றவர்களுக்கு 21.4 மாதம். 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 49.2 சதவீதம், இரண்டாம் பிரிவில் 64.5 சதவீதம். 2023 அக்டோபரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த மருந்தை இந்த நோய்க்காகவே அனுமதித்தது. 2024 நவம்பரில் இந்தியாவிலும் இதே நோய்க்கு விற்பனைக்கு வந்தது. நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்த ஒரு மருந்தை, அனுமதி கொடுத்த அதே நோய்க்கு எழுதிக் கொடுத்தால், அது "நிரூபிக்கப்படாத சிகிச்சை" ஆகிவிடுமா?

ரேடியேஷனுக்கு வருகிறேன். நோய் உடலில் பரவியிருந்தாலும் மூக்குத்தொண்டையில் இருக்கும் மூலக்கட்டிக்கு ரேடியேஷன் கொடுப்பது பயன் தரும் என்று 2020-ல் வெளிவந்த சீன ஆய்வு காட்டியது. கீமோவுக்கு நன்றாகக் கேட்ட 126 பேரில், ரேடியேஷனும் பெற்றவர்கள் 24 மாதத்தில் 76.4 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 54.5 சதவீதம். ரேடியேஷன் கட்டியின் செல்களை உடைக்கும்போது அவற்றின் துணுக்குகள் வெளியே வருகின்றன. எதிர்ப்பாற்றல் மண்டலம் அந்தத் துணுக்குகளைப் பார்த்துத்தான் எதைத் தாக்க வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது. அந்த நேரத்தில் டி-செல்கள் செயல்படும் நிலையில் இருக்க வேண்டும், அதற்கு ஊசி வேண்டும். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று நோய் பரவாத, ஆனால் முற்றிய நிலையில் இருந்த 425 பேரிடம் பார்த்த கன்டினியூவம் ஆய்வு 2024-ல் வெளிவந்தது. வழக்கமான கீமோ, ரேடியேஷனோடு சின்டிலிமாப் என்ற இதே வகை மருந்தைச் சேர்த்தபோது, 3 வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 86 சதவீதமாக உயர்ந்தார்கள். என் கணவரின் நிலை அவர்களுடையதைவிட முற்றியது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஊசியும் ரேடியேஷனும் சேர்வது மருத்துவர்களின் கற்பனை அல்ல என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

என் கணவரின் தொழிலை வைத்துச் சொன்னால், வெட்டுக்கூலி தருவேன், தையல் கூலி தர மாட்டேன் என்று ஒரு முதலாளி சொன்னால் சட்டை எப்படி வரும்?

நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர் தந்த கருத்தை நான் கேட்டு வாங்கினேன். "தலை-கழுத்துப் புற்றுநோய்களில் ரேடியேஷனோடு இம்யூனோதெரபியைச் சேர்த்த ஆய்வுகள் தோல்வியடைந்துள்ளன" என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். ஜாவலின் ஹெட் அண்ட் நெக் 100 என்ற ஆய்வில் 697 பேர், கீநோட்-412 என்ற ஆய்வில் 804 பேர். இரண்டுமே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பது உண்மைதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அவை வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுநோய்களில் செய்யப்பட்டவை. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அந்த ஆய்வுகளிலேயே இல்லை. நோய்க்குக் காரணம் வேறு, கட்டியின் தன்மை வேறு, கீமோவுக்குக் கேட்கும் விதமும் வேறு. ஒருவருக்கு அரிய நோய் வந்தால், பக்கத்தில் இருக்கும் பெரிய நோயின் பெட்டியில் அவரைப் போட்டு, அந்தப் பெட்டியின் தோல்வியை அவர் தலையில் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் மருத்துவ ஆலோசனையா? கருத்தை எழுதியவர் புற்றுநோய் மருத்துவரா என்று கேட்டேன். அந்த விவரத்தைத் தர இயலாது என்று பதில் வந்தது.

ரேடியேஷன் நடந்த அந்த ஏழு வாரத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ரேடியேஷன் தொடங்கும் முன் வலை மாதிரி இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்திலிருந்து தோள்வரை அழுத்தி அச்செடுக்கிறார்கள். தினமும் அந்த முகமூடியை மாட்டி, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையக்கூடாது. கதவை மூடிக்கொண்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள், அவர் மட்டும் உள்ளே. வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் வலையின் கட்டங்கள் பதிந்திருக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து வாய் முழுக்கப் புண். ரசம் சாதத்தைக் கரைத்து வடிகட்டிக் கொடுத்தாலும் எரியும். உப்பும் தெரியாது, இனிப்பும் தெரியாது. எச்சில் ஊறுவது நின்றுபோனது. பிறகு மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் கஞ்சி போனது.

இவ்வளவையும் ஒருவர் தாங்குவது, கூடவே போகும் மருந்து தன் வேலையைச் செய்யும் என்ற நம்பிக்கையில். அந்த நேரத்தில் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கீழ்த்தளத்தில் இன்சூரன்ஸ் டெஸ்க் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது மருத்துவமனைக்கு நிறுவனமே நேராகப் பணம் கட்டக் கேட்கும் விண்ணப்பத்துக்கு, 1 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதச் சுற்றறிக்கையில் நீங்கள் உத்தரவிட்டீர்கள். நல்ல உத்தரவு. அது எப்படி வளைக்கப்படுகிறது தெரியுமா? மணி நேரம் முடியும் முன்னே கூடுதல் விவரம் கேட்டு ஒரு "குவெரி" வந்துவிடும். பயாப்சி அறிக்கையை மறுபடி அனுப்பு. அனுப்பினால், ஊசி ஏன் தேவை என்று மருத்துவர் கடிதம் வேண்டும். அதைக் கொடுத்தால், ரேடியேஷன் நடக்கும்போது ஊசி ஏன் என்று இன்னொரு கடிதம். ஒவ்வொரு குவெரிக்கும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். 3 வாரத்துக்கு ஒரு முறை போட வேண்டிய ஊசி இது. ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள், அதே கடிதங்கள். "இதுக்கு அட்மிஷனே தேவையில்லையே மேடம், ஊசி போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமே" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். உங்கள் விதியே இதை டே-கேர், அதாவது இரவு தங்காமல் பெறும் சிகிச்சையாக ஏற்கிறது என்று நான் சொன்னதும் இணைப்பு வேறு ஒருவருக்குப் போனது.

ஆம், உங்கள் விதி. 2019 செப்டம்பர் 27 அன்று நீங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், எந்தப் பாலிசியும் விலக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டீர்கள். ஊசியாகத் தரப்படும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி இம்யூனோதெரபி அதில் இருக்கிறது, எங்கள் ஊசியும் அந்த வகைதான். உள்நோயாளியாகவோ டே-கேராகவோ தரலாம் என்றும் இருக்கிறது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, யாரோ எங்களை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று. ஆனால் அதற்கு அடுத்த வருடம் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று நீங்களே வடிவமைத்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், இதே சிகிச்சைகளுக்குக் காப்புத் தொகையில் 50 சதவீதம்தான் என்று வரம்பு வைத்தீர்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் சொந்தப் பாலிசியே பாதியோடு நிற்கும்போது, நிறுவனங்கள் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளத் தயங்குமா? விலக்கக் கூடாது என்றால், வேறு பெயரில் விலக்கவும் கூடாது. 1 லட்சம் வரம்பு எங்களுக்கு விலக்குத்தான். 2 வருடம்வரை தொடர வேண்டிய மருந்துக்கு அது சில ஊசிகளுக்குக்கூட வரவில்லை. நகை போனது. அவினாசி பக்கம் இருந்த மனையை விற்றோம்.

விலை அதிகம், நிறுவனங்கள் என்ன செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் விலையைக் குறைக்கும் வழிகள் இந்த நாட்டிலேயே இருக்கின்றன. டாடா நினைவு மருத்துவமனை தலைமையில் இயங்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு பல மருத்துவமனைகளுக்காகச் சேர்ந்து பேரம் பேசி 40 மருந்துகளைப் பெருமளவு குறைந்த விலையில் வாங்கிக் காட்டியது. அதே டாடா மருத்துவர்கள், பிடி-1 ஐத் தடுக்கும் இன்னொரு மருந்தான, வழக்கமாக 240 மில்லிகிராம் தரும் நிவோலுமாபை 20 மில்லிகிராம் அளவில் கொடுத்து ஆய்வு செய்தார்கள். முற்றிய தலை-கழுத்துப் புற்றுநோயில் 1 வருடம் தாண்டி உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். அது வேறு நோய், வேறு மருந்து. எங்களுக்கு அது நேராகப் பொருந்தாது. இருந்தாலும் செலவைக் குறைக்க மருத்துவர்கள் இந்த அளவுக்கு மூளையைக் கசக்கும்போது, காப்பீட்டுத் துறை செய்தது வரம்பு வைத்தது மட்டும்தானே? நிவோலுமாபின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மே மாதம்வரைதான். இந்த வகை மருந்துகளின் விலை இனி இறங்கும். வரம்பும் அதோடு மாறுமா, இல்லை பழையபடியே பாலிசிப் புத்தகத்தில் கிடக்குமா?

வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று முகவர் சொன்னார். புற்றுநோய் வந்தவரின் போர்ட்டிங் விண்ணப்பத்தைப் புது நிறுவனம் நிராகரிக்கலாம், அதற்கும் உங்கள் விதியில் இடம் இருக்கிறது. காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்றால், முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்து 1 மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு எல்லா ஆவணங்களும் கிடைத்து 3 மாதத்துக்குள் தீர்ப்பு. 3 வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட வேண்டியவருக்கு அந்த 4 மாதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் கணவர் இப்போது வீட்டில் இருக்கிறார். கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது, இடுப்பெலும்புப் புள்ளியும் மங்கியிருக்கிறது. தைராய்டு குறைந்ததற்குத் தினமும் மாத்திரை. ஊசி தொடர்கிறது, எங்கள் சொந்தப் பணத்தில். எங்களால் விற்க ஒரு மனையாவது இருந்தது. அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ரேடியேஷனை மட்டும் முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

எனவே உங்களிடம் கேட்கிறேன். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு புற்றுநோய்க்கு அனுமதித்த இம்யூனோதெரபி மருந்தை அதே நோய்க்கு எழுதிக் கொடுத்தால், தனி உச்சவரம்பு எதுவும் வைக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். காப்புத் தொகை முழுவதும் அதற்குக் கிடைக்க வேண்டும். ஆரோக்ய சஞ்சீவனியின் 50 சதவீத வரம்பை முதலில் நீங்களே நீக்குங்கள், மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களுக்கும் இது அடுத்த புதுப்பித்தலிலிருந்து பொருந்த வேண்டும்.

பாலிசிகளில் பணம் தராத இனங்களின் பட்டியலில் வரும் "நிரூபிக்கப்படாத சிகிச்சை" என்ற 16-ஆம் விலக்கைப் புற்றுநோய் மருந்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால், ஒரு புற்றுநோய் மருத்துவர் தன் பெயரும் பதிவு எண்ணும் போட்டு, எந்த ஆய்வின் அடிப்படையில் மறுக்கிறார் என்று எழுதித் தர வேண்டும். அந்த ஆய்வு நோயாளியின் அதே நோயைப் பற்றியதாக இருக்க வேண்டும். அரிய புற்றுநோய் என்றால் நிறுவனம் தனியாக மறுக்க முடியாதபடி, தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பின் மருத்துவர்கள் கொண்ட ஒரு குழுவிடம் அனுப்பி 7 நாளில் கருத்துப் பெற ஏற்பாடு செய்யுங்கள். கீமோ, ஊசி, ரேடியேஷன் என்று சேர்த்து எழுதிய திட்டத்துக்கு முழுத் திட்டமாக ஒரே முறை ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் புதிதாக விண்ணப்பிக்க வைக்கக் கூடாது. கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளையும் ஒரே குவெரியில் கேட்க வேண்டும், அதற்கு மேல் கடிகாரம் நிற்கக் கூடாது.

உயிருக்கு ஆபத்தான நோய்களில் குறைதீர்ப்பாளர் 15 நாளில் இடைக்கால உத்தரவு போட வழிசெய்யும்படி மத்திய நிதி அமைச்சகத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள். நவீன சிகிச்சைக் கோரிக்கைகளில் எத்தனை மறுக்கப்பட்டன, எத்தனை வரம்பால் வெட்டப்பட்டன என்று ஒவ்வொரு நிறுவனமும் வருடா வருடம் வெளியிட வேண்டும். இந்த மருந்துகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கூட்டாக விலை பேசும் ஏற்பாட்டையும் நீங்கள் தொடங்கி வைக்க வேண்டும்.

எங்கள் பாலிசியின் நகல், மறுப்புக் கடிதங்கள், மருத்துவர்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் தனியாக உங்கள் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். "உங்கள் புகார் சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரிப் பதில் எனக்கு வேண்டாம். மேலே கேட்ட ஒவ்வொன்றுக்கும் செய்வீர்களா, மாட்டீர்களா, மாட்டீர்கள் என்றால் ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரரின் மனைவி,
திருப்பூர்